தவிட்டைப் பார்த்துக் கல்லை வாங்குங்கள்: மாட்டுக்கும் கோழிக்கும் எந்தப் பாறை உதவும், எது வேண்டாம்

தீவனக் கடையில் தாது உப்புப் பையின் விலையைக் கேட்ட பிறகு, பக்கத்தில் அடுக்கியிருக்கும் சுண்ணாம்புக்கல் பொடி மூட்டையை ஒருமுறை திரும்பிப் பார்க்காத மாட்டுக்காரர் குறைவு. ஒன்று பல மடங்கு விலை. மற்றது கல்லை அரைத்த மாவு. இரண்டிலும் கால்சியம் என்று அச்சடித்திருக்கிறது. போதாததற்கு, கயிறு கோத்த சிவப்பு இந்துப்புக் கட்டி ஒன்று எண்பத்து நான்கு தாதுக்கள் இருப்பதாகச் சொல்லும் சீட்டோடு கடை வாசலில் தொங்குகிறது.

நேராகக் கல்லையே போட்டால் என்ன என்று கேட்பது நியாயம்தான். பையில் வரும் தாது உப்புக் கலவையும் பெரும்பாலும் கல்லிலிருந்து வந்ததே. அதிலுள்ள, கால்சியமும் பாஸ்பரஸும் சேர்ந்த டைகால்சியம் பாஸ்பேட் பெரும்பாலும் பாஸ்பேட் பாறையிலிருந்து எடுக்கப்படுகிறது. மக்னீசியம் ஆக்சைடு, சேலத்துச் சுண்ணாம்புக் கரடு போன்ற இடங்களில் கிடைக்கும் மேக்னசைட் என்ற வெள்ளைக்கல்லைச் சுட்டு எடுப்பது. துத்தநாகமும் தாமிரமும் தாதுக் கற்களிலிருந்து பிரித்தெடுத்து சல்பேட் உப்பாக மாற்றியவை. சுடுவது, அமிலத்தில் கரைப்பது, கெட்டதைப் பிரிப்பது ஆகிய வேலைகளுக்குத்தான் நாம் கூடுதல் விலை கொடுக்கிறோம். எந்தக் கல்லுக்கு அந்த வேலை தேவை, எதற்குத் தேவையில்லை என்று தெரிந்துவிட்டால் பாதி முடிவு வந்துவிடும். மீதிப் பாதி உங்கள் வீட்டுத் தொட்டியில் இருக்கிறது.

முதலில் தொட்டி

கடலூர், புதுச்சேரி சுற்றுவட்டாரத்தில் மாட்டின் அடிப்படைத் தீனி வைக்கோல். சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் நெல் வயல்களிலிருந்து பாகூர் ஏரிப் பாசனம் வரை இதுதான் நிலைமை. வைக்கோலில் பாஸ்பரஸ் மிகக் குறைவு, கிலோவுக்கு ஒரு கிராம் அளவே. கால்சியம் கொஞ்சம் இருந்தாலும், கூடவே இருக்கும் ஆக்சலேட் என்ற பொருள் அதைப் பிடித்து வைத்துக்கொள்வதால் மாட்டுக்குச் சேருவது சொற்பம். பசுந்தீவனத்துக்குப் பலரும் நட்டிருக்கும் கோ-4 நேப்பியர் புல்லிலும் ஆக்சலேட் உண்டு. பொதுவாகப் புல்லிலும் வைக்கோலிலும் உள்ள கால்சியத்தில் ஏறக்குறைய 30 சதவீதம்தான் உடம்பில் சேரும் என்று தீவனக் கணக்கு போடுகிறவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

அரிசித் தவிடு இதற்கு நேர் எதிர். அதில் பாஸ்பரஸ் கிலோவுக்கு 13 முதல் 15 கிராம் வரை இருக்கும், கால்சியம் ஒரு கிராமைத் தாண்டுவதே அரிது. தவிட்டுப் பாஸ்பரஸின் பெரும்பகுதி பைட்டேட் என்ற கட்டுண்ட வடிவில் இருப்பதால் கோழிக்கு அது சரியாகச் செரிக்காது. மாட்டின் முதல் இரைப்பையில் உள்ள நுண்ணுயிரிகள் அதை உடைத்துக் கொடுத்துவிடும். ஆகவே தினம் 2 கிலோ தவிடு தின்னும் மாட்டுக்குப் பாஸ்பரஸ் பஞ்சம் பெரிதாக இராது, குறைவது கால்சியம். தவிடே காணாமல் வைக்கோலும் புல்லும் தின்னும் மாட்டுக்குக் குறைவது பாஸ்பரஸ்.

பக்கத்து வீட்டு மாட்டுக்குச் சுண்ணாம்புக்கல் பொடி போட்டுப் பால் கூடியது, நம் மாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று பேசிக்கொள்வதன் காரணம் பெரும்பாலும் இந்த வித்தியாசம்தான். கல்லைக் குறை சொல்லிப் பயனில்லை.

கால்சியத்துக்கு எந்தக் கல்

பத்து லிட்டர் கறக்கும் 400 கிலோ மாட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் பாலில் சுமார் 1.2 கிராம் கால்சியம் வெளியே போகிறது, அதாவது பத்து லிட்டருக்கு 12 கிராம். உடம்பைப் பராமரிக்க இன்னொரு 12 கிராம். ஆக 24 கிராம் கால்சியம் ரத்தத்தில் சேர வேண்டும். 5 கிலோ வைக்கோலும் 15 கிலோ பச்சைப் புல்லும் சேர்ந்து கொடுப்பது 9 அல்லது 10 கிராம். தவிடும் புண்ணாக்கும் ஓரிரண்டு கிராம் சேர்க்கும். மிச்சம் 13 கிராம் போலத் துண்டு விழுகிறது.

நல்ல சுண்ணாம்புக்கல் பொடியில் 36 முதல் 38 சதவீதம் கால்சியம் உண்டு, மாட்டில் அதில் ஏறக்குறைய 70 சதவீதம் சேரும். கணக்கு போட்டால் தினம் 50 கிராம் பொடி போதும். ஒரு கைப்பிடிக்கும் குறைவு. கால்சியத்துக்கு மட்டும் என்றால் இதைவிட மலிவான வழி கிடையாது. கால்சியம் டானிக் பாட்டிலை லிட்டர் கணக்கில் வாங்குகிறவர்கள், பாட்டில் மேல் அச்சிட்ட அளவை இந்தப் பொடியோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

எந்தச் சுண்ணாம்புக்கல் என்பதில் கவனம் வேண்டும். விருத்தாசலத்துக்குத் தெற்கே அரியலூர் வரை கிரெட்டேசியஸ் காலத்துக் கடல் படிவங்கள் பரந்து கிடக்கின்றன, அங்கே சுண்ணாம்புக்கல்லுக்குக் குறைவே இல்லை. ஆனால் சிமென்டுக்கு வெட்டும் கல்லில் களிமண்ணும் சிலிக்காவும் கலந்திருக்கும். சிமென்டுக்கு அது வேண்டும், மாட்டுக்கு வேண்டாம். தீவனத் தரம் என்று எழுதிய, வெளுத்த பொடியைத்தான் வாங்க வேண்டும். சந்தேகம் இருந்தால் ஒரு சிட்டிகையைக் கண்ணாடி டம்ளரில் போட்டு, மூழ்கும் அளவுக்கு மேலாகவே வினிகர் ஊற்றி ராத்திரி முழுக்க விடுங்கள். நல்ல பொடி நுரைத்துக் கரைந்து ஏறக்குறைய காணாமல் போகும். அடியில் மணல் தங்கினால் அந்த எடைக்கும் சேர்த்துத்தான் காசு கொடுத்திருக்கிறீர்கள்.

நம் கடற்கரையில் கிளிஞ்சலும் உண்டு. கிளிஞ்சலைப் பாறை என்று சொல்ல முடியாது, ஆனால் வேதியியலில் இரண்டும் ஒன்றே, கால்சியம் கார்பனேட். கால்சியமும் அதே 36, 38 சதவீதம். வெள்ளாறு கடலில் கலக்கும் பரங்கிப்பேட்டை, கிள்ளைப் பக்கம் உப்பங்கழி ஓரத்துக் கிளிஞ்சலை நன்றாக அலசி, உப்பும் சேறும் போக உலர்த்தி, இடித்து வைத்துக்கொள்ளலாம். கடலூர் உப்பனாற்றில் தொழிற்சாலைக் கழிவு பற்றிய புகார் நெடுங்காலமாக உண்டு, அந்தப் பக்கத்துச் சிப்பியை நான் தொட மாட்டேன். மாட்டுக்குக் கல்பொடியோ கிளிஞ்சல் பொடியோ, எது மலிவோ அதுவே.

கோழிக்கு அப்படி இல்லை. முட்டை ஓட்டில் சுமார் 2 கிராம் கால்சியம் இருக்கிறது. அந்த ஓடு பெரும்பாலும் ராத்திரியில், கோழி இரை எடுக்காத நேரத்தில் உருவாகிறது. மாவாக அரைத்த பொடி சாயங்காலமே கரைந்து ஓடிவிடும். அரிசிக் குருணையைவிடச் சற்றுப் பெரிதாக, 2 முதல் 4 மில்லிமீட்டர் அளவுள்ள கிளிஞ்சல் துண்டு இரைப்பையில் தங்கி மெல்லக் கரைந்து விடியும் வரை கால்சியம் கொடுத்துக்கொண்டிருக்கும். சுண்ணாம்புக்கல் குருணையும் அதே அளவில் இருந்தால் அதே வேலையைச் செய்யும். தீவனத்தில் கலக்காமல் தனிக் கிண்ணத்தில் வைத்தால் போதும். முட்டையிடும் கோழி தேடிப்போய்ப் பொறுக்கும், சேவல் திரும்பியும் பார்க்காது. நாலைந்து நாட்டுக்கோழி வைத்திருக்கும் வீட்டுக்கு இதற்கு மேல் எந்தத் தாதுப் பையும் அவசியமில்லை என்பது என் எண்ணம்.

பாகூர்ப் பக்கம் ஒரு பெரியம்மா கேட்டார்: "ஏம்பா, வெத்தலைக்குப் போடுற சுண்ணாம்பையே தண்ணியில கரைச்சு ஊத்துனா ஆவாதா?" தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரை மாட்டுக்குக் கொடுக்கும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. தெளிவை மட்டும் எடுத்தால் கெடுதல் இல்லை. ஆனால் சுண்ணாம்பு தண்ணீரில் கரைவதே கொஞ்சம்தான், ஒரு லிட்டர் தெளிநீரில் இருக்கும் கால்சியம் ஒரு கிராமுக்கும் குறைவு. பத்து லிட்டர் கறக்கும் மாட்டின் துண்டை அடைக்கக் குடம் குடமாக ஊற்ற வேண்டும். அடி வண்டலையும் சேர்த்து ஊற்றினால் வாயும் தொண்டையும் வெந்துவிடும், சுட்ட சுண்ணாம்பு காரம். சுடாத கல்லின் பொடிக்கு அந்த ஆபத்து கிடையாது.

டோலமைட் என்ற கல்லைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: அதில் கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்தே இருக்கிறது, சுத்தமான டோலமைட்டில் முறையே 22, 13 சதவீதம் போல. கேட்க நன்றாக இருக்கும். மாட்டின் வயிற்றில் அது சுண்ணாம்புக்கல்லைவிடச் சோம்பலாகக் கரைகிறது, மக்னீசியம் சேருவது இன்னும் குறைவு. புளித்த தோட்ட மண்ணைத் திருத்த வைத்துக்கொள்ளுங்கள்.

பாஸ்பேட் கல்லில் மட்டும் கை வைக்காதீர்கள்

இந்த ஒன்றில் எனக்கு இரண்டு கருத்து இல்லை.

உரக்கடையில் ராக் பாஸ்பேட் என்று விற்கும் மண்நிறத் தூளைப் பலரும் வயலுக்கு வாங்கியிருப்பார்கள். ராஜஸ்தானில் உதய்ப்பூருக்கு அருகே ஜாமர்கோட்ராவில் பெரிய சுரங்கம் இருக்கிறது. நமக்குப் பக்கத்திலேயே திருச்சி, பெரம்பலூர் வட்டாரத்து ஊட்டத்தூர் படிவங்களில் பாஸ்பேட் உருண்டைகள் கிடப்பதைப் புவியியலாளர்கள் வெகுகாலமாக அறிவார்கள். பாஸ்பரஸ் குறைகிறது, இதில் பாஸ்பரஸ் இருக்கிறது, மலிவாகவும் இருக்கிறது, தொட்டியில் போட்டால் என்ன என்று தோன்றுவது இயல்பு.

அந்தக் கல்லில் பாஸ்பரஸோடு கூடவே பிறந்தது ஃபுளோரின், 3 முதல் 4 சதவீதம் வரை. தினம் 50 கிராம் போட்டால் குறைந்தது 1500 மில்லிகிராம் ஃபுளோரின் மாட்டுக்குள் போகிறது. நாளைக்கு, ஈரத்தைக் கழித்த கணக்கில், 11 கிலோ உலர்தீனி தின்னும் மாட்டின் தீனியில் அது கிலோவுக்கு 136 மில்லிகிராம். கறவை மாடு தாங்கும் எல்லை கிலோவுக்கு 40 மில்லிகிராம் போலத்தான். உடனே ஒன்றும் தெரியாது, ஆபத்தே அதில்தான் இருக்கிறது. மாதக்கணக்கில் எலும்பில் சேரும். இளம் கன்றுகளின் பல் பழுப்பேறிச் சீக்கிரம் தேயும், கால் எலும்பில் முடிச்சு விழும், மாடு நொண்டும், தின்ன முடியாமல் இளைக்கும். அதற்குப் பிறகு கல்லை நிறுத்தினாலும் பல் திரும்பி வராது. உதய்ப்பூர் வட்டாரத்தில் பாஸ்பேட் உரத் தொழிற்சாலைகளுக்கு அருகே மேய்ந்த மாடுகளில் இந்த நோய் பதிவாகியிருக்கிறது. அங்கே யாரும் கல்லைத் தொட்டியில் போடவில்லை, காற்றில் வந்து புல்லில் படிந்த அளவே போதுமானதாக இருந்தது.

இதே கல்லைத் தொழிற்சாலையில் அமிலத்தில் கரைத்து, ஃபுளோரினை நீக்கி, சுண்ணாம்போடு சேர்த்தால் கிடைப்பதுதான் தீவனத் தர டைகால்சியம் பாஸ்பேட். அதில் பாஸ்பரஸ் 18 சதவீதம், கால்சியம் 22 சதவீதத்துக்கு மேல். மாட்டுத் தாது உப்புக் கலவைக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 1664 ஃபுளோரினை 0.07 சதவீதத்துக்கு மேல் விடுவதில்லை. அந்தத் தரத்துக் கலவை 50 கிராமில் உச்சமாகப் போனாலும் 35 மில்லிகிராம்தான். 1500 எங்கே, 35 எங்கே. விலை வித்தியாசத்தை இங்கே முணுமுணுக்காமல் கொடுக்கலாம். உரத்துக்கு விற்கும் சூப்பர் பாஸ்பேட்டும் வயலுக்கு உரியது, மாட்டுக்கு அல்ல.

முன்பு இந்த இடத்தை எலும்புத்தூள் நிரப்பியது. பைத்திய மாட்டு நோய்க்குப் பிறகு பல நாடுகளில் அது அசைபோடும் பிராணிகளின் தீனியிலிருந்து விலக்கப்பட்டது. 2019-இல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமும் பால் தரும் கால்நடைகளுக்கு மாட்டிறைச்சி, மாட்டெலும்புத் தூள் சேர்ந்த தீவனம் கூடாது என்று உத்தரவிட்டது. மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது கொண்டுவந்தால் வாங்க வேண்டாம்.

மாடு சுவரை நக்குகிறதா, சேலையை மெல்லுகிறதா, குப்பையில் எலும்பைத் தேடுகிறதா? பாஸ்பரஸ் குறைவின் பழைய அடையாளம் அது. கன்று ஈன்ற சில வாரத்தில் எருமையின் மூத்திரம் காப்பித்தண்ணி நிறத்தில் போனால் கல்லோ பையோ யோசிக்க நேரமில்லை, அன்றைக்கே கால்நடை மருத்துவர் வர வேண்டும்.

சிவப்புக் கட்டியா, மரக்காணத்து உப்பா

இந்துப்புக் கட்டியும் பாறைதான், பழங்கடல் வற்றி இறுகிய உப்புப் பாறை. அதில் 95 முதல் 98 சதவீதம் சோடியம் குளோரைடு, அதாவது நாம் சமையலுக்குப் போடும் உப்பு. சிவப்பு நிறம் இரும்புத் துருவால் வருவது, அந்த வடிவ இரும்பு உடம்பில் அநேகமாகச் சேராது. மாடு ஒரு நாளைக்கு 30 கிராம் நக்கினால் உப்பு தவிர்த்த மற்றது எல்லாம் சேர்ந்தே ஒன்றரை கிராமைத் தாண்டாது, அதிலும் பெரும்பங்கு சுண்ணாம்பும் கந்தகமும். எண்பத்து நான்கு தாதுக்களும் அந்த மிச்சத்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்க வேண்டும். மாட்டுக்குத் தினம் தேவைப்படும் துத்தநாகம் மட்டுமே 400 மில்லிகிராமுக்கு மேல். சீட்டில் எழுதியது பொய்யென்று சொல்ல மாட்டேன், அந்த அளவால் பயன் இல்லை என்றுதான் சொல்வேன்.

மரக்காணம் உப்பளத்துக் கல்லுப்பு அதே சோடியத்தைப் பல மடங்கு மலிவாகத் தருகிறது. அடர்தீவனத்தில் நூற்றுக்கு ஒரு பங்கு கலந்தால் கணக்கு சரியாகிவிடும். கட்டிக்கு இருக்கும் ஒரே லாபம், மாடு தனக்கு வேண்டியபோது நக்கிக்கொள்ளும், நமக்குக் கலக்கும் வேலை மிச்சம். மேய்ச்சலுக்குப் போய்வரும் ஆடுகளுக்கு அந்த வசதி பெரிது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். கடற்கரையோர ஊர்களில் கட்டி வாங்கும் முன்பு போர் தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பாருங்கள். உப்புக் கரித்தால் மாடு தினம் அறுபது எழுபது லிட்டர் அதைத்தான் குடிக்கிறது, உப்பு ஏற்கெனவே தண்ணீர் வழியாகப் போய்க்கொண்டிருக்கிறது.

களிமண் வேறு வேலைக்கு

பெண்டோனைட் என்ற களிமண், ஜியோலைட் என்ற துளை நிறைந்த கல் ஆகியவற்றையும் தாதுச்சத்து என்று சொல்லியே விற்கிறார்கள். சத்து கொடுப்பது இவற்றின் வேலை இல்லை. இவற்றின் அடுக்குகளும் துளைகளும் சில பொருள்களைப் பிடித்துக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஈரமேறிய கடலைப்புண்ணாக்கில் பூஞ்சணம் பிடித்து அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு உண்டாகும். மாடு அதைத் தின்றால் ஒரு பங்கு உருமாறிப் பாலில் வந்துவிடும், பாலில் அதற்குச் சட்ட வரம்பு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம். பெண்டோனைட் அந்த நஞ்சைக் குடலிலேயே பிடித்துச் சாணத்தோடு அனுப்புவதில் நன்றாக வேலை செய்கிறது, முழுக்க அல்ல, பெரும்பகுதியை. ஐரோப்பிய ஒன்றியத்தில் மொத்தத் தீனியில் 2 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்ற உச்சவரம்போடு இதற்கு அனுமதி உண்டு. மாட்டுக்கு மருந்து கொடுக்கும் நாட்களில் களிமண்ணை நிறுத்திவைப்பது நல்லது, சில மருந்துகளையும் அது பிடித்துக்கொள்ளும். என் வரிசையில் இது மழைக்காலச் செலவு. வருஷம் முழுக்கப் போடும் பொருள் இல்லை. புண்ணாக்கைத் தரையில் போடாமல் பலகை மேல் அடுக்கிக் காற்றாட வைத்தால் இந்தச் செலவிலும் பாதி தேவைப்படாது.

கருங்கல் கிரஷர் தூளில் எல்லாச் சத்தும் இருக்கிறது என்ற பேச்சும் ஆங்காங்கே கேட்கிறது. திருவக்கரை, வானூர்ப் பக்கக் குவாரிகளிலிருந்து வரும் தூளில் கால்சியம், மக்னீசியம், இரும்பு எல்லாம் இருப்பது உண்மை. அவை சிலிக்கேட்டாக இறுகிக் கிடக்கின்றன, மாட்டின் வயிறு அவற்றைப் பிரிக்காது. உள்ளே போன தூள் சாணத்தில் வரும், போகிற வழியில் பல்லைத் தேய்த்துவிட்டு.

அப்படியானால் எதை வாங்குவது

தினம் 4 கிலோவோ அதற்கு மேலோ கம்பெனி அல்லது பால் சங்கத்துக் கலப்புத் தீவனம் போடுகிறவர்கள் முதலில் மூட்டைச் சீட்டைப் படிக்க வேண்டும். அதில் நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்கு தாது உப்பு ஏற்கெனவே கலந்திருக்கும், அதாவது 40 முதல் 80 கிராம் தினமும் போகிறது. பத்து லிட்டருக்குள் கறக்கும் மாட்டுக்கு மேற்கொண்டு எதுவும் வேண்டியதில்லை.

தவிடு, புண்ணாக்கு, வைக்கோல் என்று வீட்டில் கலந்து போடுகிறவர்களே இங்கு அதிகம். அவர்களுக்கு என் தேர்வு இரண்டும் சேர்ந்தது. சுண்ணாம்புக்கல் பொடி 40, 50 கிராம், தாது உப்புக் கலவை 25, 30 கிராம். கல்பொடி கால்சியத்தைப் பார்த்துக்கொள்ளும், அதில் துத்தநாகமும் தாமிரமும் அயோடினும் இல்லை. நம் நெல் மண்ணில் துத்தநாகம் பரவலாகக் குறைவு, அதில் விளைந்த வைக்கோலிலும் குறைவு. குளம்பு வெடிப்பு, தோல் தடிப்பு, கிடேரி பருவத்துக்கு வராமல் நிற்பது போன்றவற்றுக்கு இந்தக் குறைவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஐ.எஸ். தரக் கலவையில் துத்தநாகம் 0.8 சதவீதம், முழு அளவான 50 கிராம் போட்டால் அதிலேயே 400 மில்லிகிராம். தவிட்டிலும் புண்ணாக்கிலும் கொஞ்சம் துத்தநாகம் இருப்பதால் பாதி அளவு போதும் என்கிறேன். இந்தச் சேர்க்கையில் தாதுப் பைச் செலவு பாதியாகும்.

தவிடு போடாமல் புல், வைக்கோல், அகத்தி, வேலிமசால் என்று வளர்ப்பவர்களுக்குச் சுண்ணாம்புக்கல் பொடி வேண்டவே வேண்டாம். அகத்தியிலும் வேலிமசாலிலும் கால்சியம் நிறைய இருக்கிறது, குறைவது பாஸ்பரஸ். கல்பொடி போட்டால் அந்த இடைவெளி இன்னும் விரியும். இவர்கள் கலவையை முழு அளவில், 50 கிராம் போட வேண்டும், பையில் பாஸ்பரஸ் 12 சதவீதம் இருக்கிறதா என்று பார்த்து. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தாது உப்புக் கலவை இந்த வகையில் நம்பி வாங்கக்கூடியது. புதுச்சேரிக்காரர்கள் குரும்பாபேட் கால்நடை மருத்துவக் கல்லூரியில் விசாரிக்கலாம்.

பக்ரீத்துக்காகத் தவிட்டை வாரிப் போட்டுக் கொழுக்க வைக்கும் காயடித்த கிடாக்களுக்குச் சுண்ணாம்புக்கல் பொடி ஏறக்குறைய மருந்து. தவிட்டுப் பாஸ்பரஸ் மிகுந்தால் மூத்திரப் பாதையில் கல் அடைக்கும். கிடா முக்கி முக்கி நின்று சொட்டுச் சொட்டாகப் போகும், அடைத்துக்கொண்டால் பிழைப்பது கஷ்டம். பாஸ்பரஸுக்கு இரண்டு மடங்கு கால்சியம் இருக்கும்படி பார்க்க வேண்டும். அரைக் கிலோ தவிடு தின்னும் கிடாவுக்கு 30, 35 கிராம் பொடி தேவைப்படும், அந்த அளவைப் பார்த்தால் தவிட்டைக் குறைப்பதே சுலபம் என்று தோன்றும், தோன்றட்டும். தண்ணீரும் தாராளமாக வைக்க வேண்டும்.

சினை மாட்டுக்குக் கடைசி மூன்று வாரம் சுண்ணாம்புக்கல் பொடியை அறவே நிறுத்திவிடுங்கள். அந்த நாட்களில் கால்சியம் தாராளமாக வந்துகொண்டிருந்தால், எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும் வேலையை உடம்பு தள்ளிப்போட்டுவிடும். ஈன்ற அன்று மடிக்குத் திடீரென்று கால்சியம் தேவைப்படும்போது எடுக்க முடியாமல் மாடு பால் காய்ச்சலில் விழும், காது சில்லிட்டு, தலையை விலாப்பக்கம் மடித்துப் படுத்துவிடும். பெயரில்தான் காய்ச்சல், உடம்பு குளிர்ந்துதான் இருக்கும். அதிகம் கறக்கும் கலப்பின மாடுகளிலும் மூன்றாவது ஈத்துக்கு மேல் போனவற்றிலும் இது சகஜம். தாது உப்புக் கலவையை அப்போது எவ்வளவு கொடுப்பது என்று மருத்துவரைக் கேட்டுக்கொள்ளலாம். கன்று ஈன்ற அன்றிலிருந்தே கல்பொடியை மறுபடி தொட்டியில் சேர்க்கலாம்.